லைசென்ஸ் வந்துவிட்டது அம்மணி, இடது பக்கம் நான் உட்காருகிறேன்

அன்புள்ள அம்மணிக்கு,

உன் லைசென்ஸ் நேற்று தபாலில் வந்தது. உங்கம்மா கவரைப் பிரித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எனக்கே காட்டினாள். ரொம்ப சந்தோஷம் கண்ணு.

தை மாசம் உடுமலையில் உன் கூட்டாளியின் அக்கா கல்யாணத்துக்குக் கூட்டாளிகள் நீங்கள் நாலு பேரும் நம் காரில் போய், ரிசப்ஷன் முடிந்து ராத்திரியே திரும்பலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே நீ கோபித்துக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன். இந்தத் தடவை வேண்டாம். ஏன் என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டுக் கோபப்படு.

டிரைவிங் ஸ்கூல் காரில் கடைசி வாரம் ஒருநாள் நான் பின்சீட்டில் வந்தேனே, ஞாபகம் இருக்கா? நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் மாஸ்டரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னிமலை ரோட்டில் வேலி ஓரத்திலிருந்து ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடி வந்தபோது வண்டி டக்கென்று நின்றது. நீ மிதிக்கும் முன்னால் அவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்திருந்தார். வீடு வந்து சேர்வதற்குள் அப்படி நாலு தடவை. நீயே நிறுத்தியதாக நினைத்துத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய், அப்போது எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. நம் காரில் இடது பக்கம் அந்தப் பிரேக் கிடையாது கண்ணு, கைக்கு எட்டுவது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு மைதானத்தில் அழகாக 'H' எழுத்து மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டினாய், ரிவர்ஸில்கூட கம்பி தட்டவில்லை. ஆனால் தை மாசத்து ராத்திரி தாராபுரம் ரோடு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். பழனிக்கு நடக்கிறவர்கள் ஈரோட்டிலிருந்தும் சென்னிமலையிலிருந்தும் காங்கேயம் வழியாகச் சாரை சாரையாகப் போவார்கள், அசந்தவர்கள் ரோட்டோரத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். எதிரே வருகிற லாரிக்காரன் லைட்டை டிம் பண்ணாமல் வந்தால் ஒரு நொடி கண்ணே தெரியாது. அந்த ஒரு நொடியில் காலை எடுத்து வேகத்தைக் குறைக்கிற பழக்கம், கூடவே ஆள் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித்தான் வரும். பின்சீட்டில் மூணு பேர் பாட்டும் சிரிப்புமாக வரும்போது புதுக்கைக்குக் கவனம் நிற்காது. கலிஃபோர்னியாவில் இருக்கும் உன் மாமன் மகன் போன வருஷம் கார் பழகினானே, அங்கே 18 வயசுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் பக்கத்தில் இருக்க 50 மணி நேரம் ஓட்டியாக வேண்டும், அதில் 10 மணி நேரம் ராத்திரி. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் முதல் ஒரு வருஷம், கூட பெரியவர் இல்லாமல் ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டக்கூடாது, 20 வயசு ஆகாத கூட்டாளிகளை ஏற்றக்கூடாது. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. நம் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் போன். நம் தோட்டத்தில் தென்னை 25 அடிக்கு ஒன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும், மெசேஜ் பார்க்க ரெண்டு நொடி குனிந்தால் நாலு தென்னை தாண்டியிருக்கும். பொழுதோட கிணற்று மேட்டிலிருந்து நாலு மரம் நடந்து பார்த்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் எத்தனை தடவை ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்! நீ என்னைப் பார்த்துத்தானே வளர்ந்தாய். மூணு மாசமாக வண்டி எடுக்கும்போது போனை அணைத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன். உங்கம்மாவும் பின்சீட்டில் பெல்ட் போடுகிறாள்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. பத்தாவது படிக்கையில் ட்யூஷனுக்கு ஸ்கூட்டரைக் கொடுத்தனுப்பினேன். பாலத்துத் திருப்பத்தில் மணலில் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாய். நான் உன்னைத் திட்டினேன். 18 வயசாகாத பிள்ளை வண்டி ஓட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில் என்று 2019லேயே சட்டம் வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, உனக்குப் பத்து நாள் லீவு இருக்கிறது. காலையில் ரோடு காலியாக இருக்கும்போது வெள்ளகோவில் வரைக்கும் போய்வரலாம், அப்புறம் சந்தை நாளில் காங்கேயம் ஊருக்குள், அப்புறம் இருட்டினதும் ஒருக்கா தாராபுரம். பெருந்துறை பைபாஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அங்கே சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பதறும். நான் கத்த மாட்டேன். கத்தினால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடு, நான் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன். கல்யாணத்துக்கும் நீயே ஓட்டு, நானும் அம்மாவும் கூட வருகிறோம், மண்டபத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினதும் போன் பண்ணு. காற்றும் ஆயிலும் பார்த்து வண்டியோடு காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். திரும்பும்போது சாவி உன் கையில்.

அன்புடன்
அப்பா