எழுத்துக்கு மட்டும் படம் எடுக்கக் கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "எழுத்துக்கு மட்டும் வருவீங்களா, எவ்வளவு எடுப்பீங்க?" என்று வட்ஸ்அப்பில் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எழுத்து என்றால் பதிவாளர் முன் கையெழுத்து வைக்கும் கலியாணப் பதிவு. ஆளுக்கு ஆள் ஒரே விளக்கத்தைத் தட்டிக்கொண்டிருப்பதை விட எல்லாருக்கும் சேர்த்து ஒரு மடல் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். எங்களுடையது கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணப் படம் எடுக்கும் ஒரு சின்னக் கடை. கமராவோடு வருவது ஒருவர், ஆட்கள் கூடவென்றால் இருவர். ட்ரோன், கிரேன் எதுவும் எங்களிடம் இல்லை, பதிவாளரின் அறைக்குள் அதைக் கொண்டுபோய்ச் செய்வதற்கும் ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வியும் எங்களுக்கு மனப்பாடம். "இருபது நிமிச வேலைதானே அண்ணா, அதுக்கு ஏன் இவ்வளவு?" உண்மையைச் சொன்னால் இருபது நிமிடம்கூட இல்லை, சங்கடமே அதுதான். தாலிகட்டில் காலையில் இருந்து மத்தியானம் வரை ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், ஒன்று தவறினால் இன்னொன்றில் பிடிக்கலாம். எழுத்தில் முக்கியமானது முழுவதும் ஒரு மேசையைச் சுற்றி, சில நிமிடங்களில், நாங்கள் நகர இடமில்லாத ஓர் அறையில் முடிந்துவிடும். அதனால்தான் எழுத்துக்கென்று பக்கேஜ் போடுவதை விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலக் கணக்கில் எடுக்கிறோம்: அரை மணித்தியாலம் முன்னுக்கே வந்து அறையைப் பார்ப்போம், பிறகு எழுத்து, பிறகு குடும்பப் படங்கள், கடைசியில் நீங்கள் இருவரும் மட்டும் வெளியில்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று முதலே தெரிந்திருந்தால் உங்களுக்கும் பதற்றம் குறையும். பதிவாளர் முதலில் அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், சாட்சிகளின் விபரம் எல்லாம் சரிபார்ப்பார். அந்த நேரம் மாப்பிள்ளையும் பொம்பிளையும் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருப்பார்கள். அப்போது நாங்கள் உங்கள் பக்கம் வரமாட்டோம், தூர நின்று அம்மா அப்பாவை எடுப்போம்.

அதற்குப் பிறகு பதிவாளர் உங்கள் இருவரையும் பார்த்து ஓர் அறிவிப்பு வாசிப்பார். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிற வாசகம் அது. சாரத்தைச் சொன்னால், ஒருவரையொருவர் ஏற்று இந்தப் புத்தகத்தில் கையொப்பம் வைத்ததும் நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி, வேறு எந்தச் சடங்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும்; விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமல் இது கலையாது; கலையாமல் இன்னொரு கலியாணம் செய்தால் குற்றம். "எழுத்துத்தானே, கலியாணம் பிறகுதானே" என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கும் அம்மாமார் இந்த இடத்தில்தான் திடீரென்று முந்தானையைத் தேடுவார்கள். எங்களைக் கேட்டால் எழுத்தில் எடுக்க வேண்டிய படம் அதுதான். ஆனால் அதை யாரும் கேட்பதில்லை, எல்லாரும் கேட்பது கையெழுத்து வைக்கும் படத்தைத்தான்.

அறிவிப்பு முடிந்ததும், இங்கே இருக்கும் எல்லாரையும் சாட்சியாக அழைத்து இன்னாரை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நீங்கள் ஆளுக்கொருக்கால் சொல்ல வேண்டும். பதிவாளர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதால் பலர் அவரைப் பார்த்தபடியே சொல்லி முடித்துவிடுவார்கள். பிறகு படத்தைப் பார்த்தால் பதிவாளரைக் கட்டுகிற மாதிரி இருக்கும். கேட்பதை அவரிடம் கேட்டுவிட்டு, சொல்லும்போது பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். இதைக் காதில் ஞாபகப்படுத்துவதற்கு நாங்கள் நடுவில் வரமாட்டோம், ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறோம்.

கையொப்பத்துக்கு எல்லாரும் குனிவார்கள், நின்ற உயரத்தில் இருந்து எடுத்தால் உச்சிதான் தெரியும். ஆகவே நாங்கள் மேசையின் பக்கவாட்டில் முழங்கால் போட்டு இருப்போம். அந்த இடம் எங்களுக்கு வேண்டும். போனோடு அங்கே வந்து நிற்கும் மாமாவை அன்பாக இழுத்து வைத்திருப்பதற்கு உங்கள் பக்கத்தில் ஒரு ஆளை நியமியுங்கள், எங்களால் மாமாவிடம் அதைச் சொல்ல முடியாது. வடிவான பேனை ஒன்று கொண்டுவர விருப்பமென்றால் முதலே பதிவாளரிடம் காட்டிக் கேளுங்கள். படம் சரியாக வரவில்லை என்று இன்னொருக்கால் பதிவேட்டில் எழுதச் சொல்லவே மாட்டோம். வேண்டுமானால் பேனையை மூடியோடு பிடித்துக்கொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எழுத்துப் படம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பல பதிவாளர்கள் வீட்டின் முன் அறையைத்தான் அலுவலகமாக வைத்திருப்பார்கள்: ரியூப்லைட் ஒன்று, இரும்பு அலுமாரி, சுவரில் நாட்காட்டி, மேசைக்குமேல் போட்ட கண்ணாடி. ரியூப்லைட் முகத்தில் ஒரு பச்சைச் சாயலைத் தரும், பச்சைச் சுவரென்றால் பிளாஷ் அடித்தாலும் அதே பச்சைதான் திரும்பி வரும். சத்தமில்லாமல் எடுக்கும் முறையில் கமராவைப் போட்டால் சில எல்ஈடி விளக்குகளுக்குக் கீழே படம் முழுக்கக் கோடு கோடாக விழும். ஆகவே க்ளிக் என்று சத்தம் கேட்டால் குறை நினைக்காதீர்கள். மேசைக் கண்ணாடியில் பிளாஷ் தெறிக்காமல் இருக்க ஒரு வெள்ளைத் துணி கொண்டுவருவோம், பதிவாளர் சரி என்றால் விரிப்போம்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. எழுத்து கதவு திறந்திருக்க நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கலியாணம் ஒளித்து மறைத்து நடக்கக்கூடாது என்பதற்காக வைத்தது அது, ஆனால் எங்களுக்கு அந்தக் கதவால் வரும் பகல் வெளிச்சம்தான் உயிர். இரண்டு கதிரைகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு முகத்தில் அந்த வெளிச்சம் விழச் செய்தால் பிளாஷே தேவைப்படாது. பெரும்பாலான பதிவாளர்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை, ஆனால் நாங்கள் கேட்பதை விட நீங்கள் நாள் குறிக்கப் போகும்போதே கேட்டுவைப்பது மரியாதை. அப்படியே அந்த அறையை உங்கள் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நேரம். பதிவாளர் தன் அலுவலகத்தில் எழுத்து வைப்பதற்குச் சட்டத்தில் இருப்பது காலை 6 முதல் மாலை 6 வரை. அதற்குள் ராகு காலத்தையும் பார்ப்பீர்கள். வெள்ளி 10.30க்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஒன்பது மணிக்கு வைப்பவர்கள் நிறைய, அது நல்லதுதான். ராகு காலம் கழியட்டும் என்று பன்னிரண்டரைக்கு வைத்தால் வெளியே வந்து எடுக்கும் படங்களில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும், உங்களுக்கு நித்திரை இல்லாத மாதிரி. மூன்றரை மணிக்கு எழுத்து, ஐந்து மணிக்குக் கடலோரத்து மரைன் டிரைவ் வீதி என்றால் எங்களுக்கு மிகவும் விருப்பம். கொழும்பில் நவம்பரில் 5.50 அளவில் சூரியன் இறங்கிவிடும், பெப்ரவரியில் 6.20 அளவு வரை போகும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை நிச்சயம் என்றே வைத்துக்கொண்டு காலையைப் பிடியுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் அரசாங்க அலுவலகங்கள் பூட்டு. ஆடியில் தாலி கட்டாவிட்டாலும் எழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த மாதத்தில் எங்களிடம் நாள் கிடைப்பது லேசு.

வெளிநாட்டில் இருந்து இரண்டு கிழமை லீவில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து முதலில் பதிவாளரைப் பிடியுங்கள், எங்களைப் பிறகு பார்க்கலாம். கலியாணம் செய்யப்போகிறோம் என்று பதிவாளருக்கு அறிவித்தல் கொடுப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது அவருடைய பிரிவில் 10 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவித்தல் பதிந்த பிறகு சாதாரணமாக 12 நாள் போக வேண்டும். அதற்கு முன் எழுத்து வைப்பதென்றாலும், பதிவாளரை ஹோட்டலுக்கோ வீட்டுக்கோ அழைப்பதென்றாலும் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அறிவித்தல் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். உங்கள் விஷயத்தில் எந்தெந்தக் கடிதங்கள் வேண்டும் என்பதைப் பதிவாளரோ மாவட்டப் பதிவாளர் அலுவலகமோ சொன்னால்தான் சரி, எங்களிடம் கேட்காதீர்கள். டிக்கெட் போட்டு, எங்களுக்கு அட்வான்ஸும் கட்டிவிட்டு, அதன் பிறகு இதைக் கேள்விப்பட்டு ஓடித்திரிபவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

கணவனையோ மனைவியையோ வெளிநாட்டுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் விசாவுக்குப் போடத்தான் படம் என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று எங்கே போட்டாலும் நீங்கள் இருவரும் வடிவாக நிற்கும் படத்தை விட, இருபக்கத்துக் குடும்பமும் ஒன்றாக நிற்கும் படமும், சாட்சிகளோடு இருக்கும் படமும், சாப்பிடும்போது எடுத்த சாதாரணப் படமும்தான் கதை சொல்லும். அந்தப் படங்களைத் தோல் மினுக்காமல், பின்னணி மாற்றாமல் அப்படியே தருவோம். எடுத்த திகதியும் நேரமும் ஃபைலுக்குள் பதிந்திருக்கும், கமராவின் மணிக்கூட்டை அன்று காலையே சரிபார்த்துத்தான் வருவோம். விசா கிடைக்காமல் வரமுடியாத அண்ணாவை வெட்டி ஒட்டிக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சுவரில் மாட்டும் படத்துக்குச் செய்து தரலாம். விசா ஃபைலுக்குப் போகும் படத்தில் ஒருபோதும் செய்யமாட்டோம், அது உங்கள் தலையில்தான் விடியும்.

இன்னொன்று. திறந்த பதிவேட்டைக் கிட்டத்தில் எடுத்து அப்படியே பேஸ்புக்கில் போடுகிற பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. அதில் உங்கள் முழுப் பெயர், வயது, தொழில், விலாசம், தகப்பனாரின் பெயர் எல்லாம் இருக்கும், சாட்சிகளின் விபரமும் இருக்கும். கையும் பேனையும் மோதிரமும் தெரிய, எழுத்து வாசிக்க முடியாதபடி எடுத்துத் தருகிறோம், அதைப் போடுங்கள்.

வெளியே எங்கே போவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். காலிமுகத்திடல், விகாரமகாதேவிப் பூங்கா, மரைன் டிரைவ் எதுவானாலும் சரி. ஒரு இடம் போதும், இரண்டு இடம் என்றால் இரண்டாவது மணித்தியாலம் காலி வீதி ட்ராபிக்கில் போய்விடும். மரைன் டிரைவில் தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுக்கக் கேட்காதீர்கள். ரயில் வரும் பாதை அது, அத்துமீறி இறங்குவது குற்றமும்கூட.

காசு விஷயம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரே விலை, பாதி அட்வான்ஸ், மீதி அன்றைக்கே. விலையை இங்கே எழுதாததற்குக் காரணம் ஆல்பம் தாளின் விலை நிற்கிற இடத்தில் நிற்பதில்லை, கேட்டால் அன்றைய விலையைச் சொல்வோம். பதிவாளர் பிந்தினால் முதல் அரை மணித்தியாலத்துக்கு மேலதிகமாக எதுவும் எடுக்கமாட்டோம், பொம்பிளை சலூனில் இருந்து பிந்தினால் எடுப்போம். பத்தரமுல்லை, வத்தளைப் பக்கம் என்றால் போக்குவரத்துச் செலவு தனி. பதிவாளரின் கட்டணத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, அதை எங்கள் மூலம் கொடுத்தனுப்ப வேண்டாம். எடுக்கும்போதே இரண்டு கார்டில் பதிவாகும். அவசரத்துக்கு வேண்டிய படங்கள் இரண்டு நாளில் லிங்காக வரும், மற்றவை இரண்டு கிழமையில்.

ஆறு பேர்தான் வருகிறார்கள், ஞாபகத்துக்கு நாலு படம் போதும் என்றால் எங்களை எடுக்காதீர்கள், வீண் செலவு. நல்ல போன் வைத்திருக்கும் ஒரு கூட்டாளியைப் பிடித்து, கதவுக்கு முதுகு கொடுத்து நில், பிளாஷை நிற்பாட்டு, சூம் பண்ணாமல் கிட்டப் போ என்று சொல்லிவிடுங்கள், போதும். வேறு யாரையாவது எடுப்பதென்றால் அவருடைய பேஸ்புக் பக்கத்தில் இருக்கும் வடிவான பத்துப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், ஏதாவது ஒரு எழுத்தின் முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். வருவது அவரேதானா, அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்றால் யார் வருவார் என்றும் கேளுங்கள். இதே கேள்விகளை எங்களிடமும் கேட்கலாம்.

எங்களிடம் பதிவதென்றால் வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியவை இவைதான்: திகதி, நேரம், பதிவாளரின் இடமா ஹோட்டலா, எத்தனை பேர், யார் யார் கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும், யாரை யாருக்குப் பக்கத்தில் நிற்பாட்டக்கூடாது. கடைசியாகச் சொன்னது பகிடி இல்லை, எழுதிவிடுங்கள், வேறு யாருக்கும் காட்டமாட்டோம். ஞாயிறுகளில் நாங்கள் ஏதாவது ஒரு மண்டபத்தில் நிற்போம், போன் எடுக்க முடியாது, குரல் செய்தி விட்டால் இரவு கேட்டுவிட்டுப் பதில் போடுவோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைக் கடையில் இருந்து