தாலிக்கொடி கழுத்தில்தான் இருக்கிறது

பாடாங் செராய், கெடா, மலேசியா

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்தது. பேத்தி உன்னைப் போலவே மூக்கைச் சுளிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். பாவம் பிள்ளை!

நான் தாலிக்கொடியைப் பஜாக் கடையில் அடகு வைத்துவிட்டதாகக் கிள்ளானில் யாரோ சொன்னார்களாமே? கழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் வைக்கக் கிளம்பினது உண்மை. மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதான் என்று தெரிந்த வாரம், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் நோய் பயம் போய்க் கடன் பயம் வந்துவிட்டது. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி, நம் தமிழ்ப் பிள்ளை, "அக்கா, கெர்ஜா சோசியல் ஆபீசுக்கு முதல்ல போங்க" என்றாள். கஷ்டப்படுகிற நோயாளிகளுக்கு உதவி தேடித் தருகிற ஆஸ்பத்திரிச் சமூக நலப் பிரிவு அது. போக எனக்குக் கூச்சம். பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. அங்கே இருந்த மலாய் அம்மா ஐசி என்கிற அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கரண்டு பில் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கெல்லாம் மனுப் போடலாம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிச் செலவு பயந்த அளவுக்கு இல்லை. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளைக்கு 3 வெள்ளி. விலை கூடின சில ஊசிகள் மட்டும் எல்லாருக்கும் உடனே கிடைக்காது. எனக்கு அது தேவைப்படவில்லை. எங்களை அடித்தது போக்குவரத்துதான். ரேடியோதெரபிக்குப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, வாரத்தில் ஐந்து நாள். இவர் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர், ஓட்டாத நாளில் கூலி இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி வேலைக்குப் பாலம் தாண்டிப் போகிறவன். காலையில் ஏற்றிக்கொண்டு போய் வாசலிலேயே இறக்கிவிடுவான். எண்ணெய்க் காசு கொடுத்தால் முறைப்பான்.

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க மருத்துவ உதவித் திட்டமான பெக்கா பி40-இல் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை தருகிறார்கள். சிகிச்சையை முழுசாக முடித்தால் 1,000 வெள்ளி வரை உண்டு. பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்களை இழுத்துப் பிடிக்கத்தான் அது. இ.பி.எஃப் சேமநிதியிலும் மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம். கூடப் பிறந்தவர்களுக்காகக்கூட எடுக்க முடியுமாம். அண்ணன் உடனே பாரம் வாங்கப் புறப்பட்டார். அவருக்கும் வயதாகிறது, வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வேலை செய்ய முடியாதவர்களுக்குத் தொழிலாளர் காப்புறுதியில் தருகிற சொக்சோ பென்ஷனுக்கும் மனுப் போட்டிருக்கிறேன், மருத்துவ போர்டு கூப்பிடவேண்டும்.

எப்படிச் சிரித்துக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டாய். யார் சொன்னது? கீமோ ஏற்றின மூன்றாம் நாள் வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று வருகிறவர்களை உலக்கையால் சாத்தலாம் போல இருக்கும். புளி அதிகம் விட்ட ரசமும் ஆறின சோறும்தான் அப்போது இறங்கும். சின்னவள் ஒரு கிண்ணத்தில் பிசைந்து வைத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதுவாள். அந்த மாதிரி ஆள்தான் வேண்டும். அழுகை வந்தால் அழுதுவிடுகிறேன். பில்லெல்லாம் மஞ்சள் ஃபைலில் அடுக்கி, அடுத்த மாதம் எது எங்கிருந்து வரும் என்று தெரிந்த பிறகுதான் ராத்திரியில் தூக்கம் வந்தது. தூங்கினால் மறுநாள் முகம் தானாகவே தெளிகிறது. இதில் என் பெருமை ஒன்றும் இல்லை.

நடுவில் ஒருவர் வேர்ப்பொடி கொண்டுவந்தார். கீமோவை நிறுத்திவிட்டுச் சாப்பிடவேண்டுமாம், விலை ஒரு மாதச் சம்பளம். வாசலோடு அனுப்பிவிட்டேன். இப்போது நோய் திரும்ப வராமல் இருக்கத் தெமொக்சிபென் மாத்திரை மட்டும்தான். ஐந்து வருஷமாவது விழுங்கவேண்டும். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது. இவர் விசிறியைத் திருப்பித் திருப்பி வைத்து அலுத்துப்போனார்.

உன் வீட்டுக்கு எஸ்.டி.ஆர். என்கிற அரசாங்க உதவிப் பணம் வருகிறது அல்லவா? அது வாங்குகிற, நாற்பது தாண்டினவர்களுக்கு பெக்கா பி40-இல் உடம்பு பரிசோதனை இலவசம். பேத்தி, தொட்டில் என்று சாக்குச் சொல்லாமல் தீபாவளிக்குள் போய்விட்டு வா. மார்பையும் பார்க்கச் சொல். போகவில்லை என்றால் உன் மருமகனுக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
பார்வதி