ஏமாற்றினாரா அகதா கிறிஸ்டி? வாசகத் தங்கை ஒருவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் நாம் கூடி அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலைப் பற்றிப் பேசிய மாலையில், கொலையாளியை எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தோம் என்று மற்றவர்கள் போட்டி போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் "ஆசிரியர் நம் காதில் பூச்சுற்றிவிட்டார்" என்று கோபமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் கருத்து எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அன்று பேசப்பட்டவற்றுள் நாவலைப் பற்றியதாக இருந்தது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் பேசியவர்களின் சாமர்த்தியத்தைப் பற்றியவை. ஐம்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒருவர் மார்தட்டுவதால், புத்தகம் நன்றாக இருந்ததா இல்லையா என்பது யாருக்கும் விளங்கப்போவதில்லை.

இது எல்லோர் கண்ணிலும் படக்கூடிய கடிதம் என்பதால் கொலையாளி யார் என்பதை எங்கும் சொல்லாமல் எழுதுகிறேன். படித்து முடித்த உங்களுக்குக் கோடிட்டுக் காட்டினாலே போதும்.

உங்கள் குற்றச்சாட்டுக்கு ஏறத்தாழ நூறு வயதாகிறது. 1925-இல் லண்டன் மாலை நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1926-இல் நூலான இந்தக் கதையை, அப்போதே சிலர் பித்தலாட்டம் என்றார்கள். சிலர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். துப்பறியும் கதைக்கு இருபது விதிகளை 1928-இல் வகுத்த அமெரிக்க எழுத்தாளர் வான் டைன், குற்றவாளி துப்பறிபவரிடம் செய்யும் தந்திரங்களைத் தவிர வேறெந்தத் தந்திரத்தையும் ஆசிரியர் வாசகரிடம் செய்யக்கூடாது என்று அவற்றுள் ஒன்றில் எழுதினார். அவர் உங்கள் கட்சி. எதிர்க்கட்சியில் இருந்தவர் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ். எல்லோரையும் சந்தேகிப்பது வாசகரின் வேலை, அதைச் செய்யத் தவறிவிட்டு ஆசிரியரை நோவதில் பொருளில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். வேடிக்கை என்னவென்றால், இந்த நாவலின் மைய யோசனையே ஓரளவு வாசகரிடமிருந்து வந்ததுதான்: தம் மைத்துனர் பேச்சுவாக்கில் சொன்னதும், பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்த மவுண்ட்பேட்டன் கடிதத்தில் எழுதியதும் தமக்கு வழிகாட்டியதாக கிறிஸ்டியே தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார்.

நான் சேயர்ஸ் பக்கம் நிற்பதற்குக் காரணம், முதல் வாசிப்பு அன்று, இரண்டாம் வாசிப்பு. மர்ம நாவலை ஒரு முறை மட்டும் படித்துவிட்டுச் சொல்லப்படும் கருத்து, பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தின் அதிர்ச்சியைப் பற்றிய கருத்தாகவே நின்றுவிடுகிறது. ஆசிரியர் ஏமாற்றினாரா, நாம் ஏமாந்தோமா என்பதை, விடை தெரிந்த பிறகு முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தால்தான் தீர்மானிக்க முடியும்.

அந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்ராய்டின் படிப்பறைக் கதவை உடைத்து உள்ளே போனபோது, சாய்மானம் உயர்ந்த நாற்காலி ஒன்று தன் வழக்கமான இடத்தைவிட்டுச் சற்று முன்னே இழுக்கப்பட்டிருந்தது என்றும், பிறகு அது பழைய இடத்துக்கே போய்விட்டது என்றும் பணியாளர் பார்க்கர் சொல்கிறார். நகர்த்தியது யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. இது முக்கியமா என்ற கேள்விக்கு, முக்கியமே இல்லை, அதனால்தான் சுவாரசியமாக இருக்கிறது என்ற பொருளில், கொலையைத் துப்பறியும் புவாரோ பதில் சொல்கிறார். இதைவிட வெளிப்படையாக ஓர் ஆசிரியர் எப்படிச் சொல்வது? தடயத்தை நடுக்கூடத்தில் வைத்து, விளக்கையும் ஏற்றிவைத்துவிட்டார். நாமோ காணாமல் போன இளைஞனைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் ஓடிவிட்டோம்.

இன்னொன்று, அந்தப் பத்து நிமிடம். ஒரே பத்தியில் இரண்டு முறை நேரம் குறிக்கப்படுகிறது. அவ்விரண்டுக்கும் இடையே பத்து நிமிடம் கழிகிறது. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று ஒரு சொல் கூட இல்லை. பொய் எதுவும் எழுதப்படவில்லை, உண்மை முழுவதும் எழுதப்படவுமில்லை. உங்கள் கோபம் இந்த இடத்தைப் பற்றியது என்றால் அதில் நியாயம் இருக்கிறது என்பேன், ஏனென்றால் மௌனமும் ஒரு வகைப் பொய்தானே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஆனாலும் மணியைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் அல்லவா? அதைச் சொன்னதில்தான் ஆசிரியரின் நேர்மை இருக்கிறது.

நடுப்பகுதி தொய்கிறது என்று நம் பெரியவர் ஒருவர் குறைப்பட்டார். வீட்டு வேலைக்காரப் பெண்ணைச் சுற்றிய கிளைக்கதை விஷயத்தில் அவரோடு உடன்படுகிறேன். மாஜோங் ஆடும் அத்தியாயத்தைப் பற்றி அப்படிச் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். போர்ட் லூயி சீனர் தெருக்களை அறிந்த நமக்கு அந்த ஆட்டம் அந்நியமானதன்று. காய்களைச் சேர்ப்பதும் கழிப்பதுமாக ஆட்டம் நடக்க, இடையிடையே ஊர் வம்பு ஒவ்வொன்றாக உதிர்கிறது. அப்படிப் போகிற போக்கில் வழக்கையே புரட்டிப்போடும் செய்தி ஒன்றும் வெளியே வருகிறது. வீட்டைவிட்டு வெளியே போகாமலே ஊர்ச் செய்தி அத்தனையும் திரட்டிவிடும், அவ்வூர் மருத்துவரின் தமக்கை கரோலின், என் கணக்கில், புவாரோவுக்கு நிகரான துப்பறிவாளர். பின்னாளில் மிஸ் மார்பிள் பிறந்தது இவரிடமிருந்துதான் என்று கிறிஸ்டியே கருதியிருக்கிறார்.

நீங்கள் படித்தது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. 1927-இல் பாரிசில் தொடங்கிய ல மாஸ்க் என்னும் துப்பறியும் நூல் வரிசையின் முதல் நூல் இதுவே. முகமூடியும் இறகும் பொறித்த அந்த மஞ்சள் அட்டைகள் இந்தத் தீவின் எத்தனையோ வீட்டு அலமாரிகளிலும் உண்டு.

கொலை செய்தது யாராக இருந்தால் என்ன என்று சலித்துக்கொண்ட தம்பிக்கும் ஒரு முன்னோடி இருக்கிறார். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1944-இல் துப்பறியும் கதைகளைச் சாடி எழுத, வாசகர்கள் கடிதம் கடிதமாகக் கண்டித்தார்கள். அவர்கள் சிபாரிசு செய்த நூல்களையும் படித்துப் பார்த்துவிட்டு, அக்ராய்டைக் கொன்றவர் யாராக இருந்தால் யாருக்கு என்ன என்று கேட்கும் தலைப்போடு 1945-இல் மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். அதே நாவலைத்தான் பிரித்தானியக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தார் 2013-இல் இத்துறையின் ஆகச் சிறந்ததாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடியவர் பியேர் பயார். உளப்பகுப்பாய்வு அறிந்த இந்தப் பிரெஞ்சுப் பேராசிரியர், புவாரோ தவறான ஆளைப் பிடித்துவிட்டார் என்றும், உண்மைக் கொலையாளி வேறொருவர் என்றும் 1998-இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். ஆசிரியரை மோசடிக்காரர் என்று சொல்லி விலகிவிடாமல், அவர் வைத்த தடயங்களைக் கொண்டே அவருடைய தீர்ப்பை மறுக்கும் வாசிப்பு அது. அவர் சுட்டும் ஆளை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த நாற்காலியை நகர்த்த வேண்டிய தேவை அவர் சுட்டும் ஆளுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நூலைக் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த கூட்டத்துக்குள் படித்துவிட்டு வாருங்கள். நீங்கள் பயார் தரப்பில் பேசுங்கள், நான் புவாரோ தரப்பில் பேசுகிறேன். ஐம்பதாம் பக்கத்துக்காரர் நடுவராக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்