மாணவர்கள் இடைவேளை நிகழ்ச்சி அல்ல

ஆசிரியருக்கு,

பஸூன் என்ற நீண்ட மர ஊதுகருவியை வாசிக்கும் கலைஞர் ஒருவர் குழுவினரோடும் இளம் மாணவர்களோடும் சேர்ந்து இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் கான்செர்ட்டோக்களை (தனிக்கலைஞரும் குழுவும் மாறி மாறி வாசிக்கும் படைப்புகளை) வாசித்தது பற்றிய செய்தியைப் படித்தேன். மாணவர்களின் பங்கை ஒரே வரியில் முடித்துவிட்டது சரியில்லை. பஸூனுக்கு மட்டும் 39 கான்செர்ட்டோக்கள் எழுதிய விவால்டி, 1703இல் வெனிஸின் பியெத்தா ஆதரவற்றோர் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தவர். அங்கே வளர்ந்த பெண்களின் இசைக்குழுவைக் கேட்கவே வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இந்த இசையின் அமைப்பிலேயே மாணவர்களுக்கு இடம் இருக்கிறது: குழு வாசிக்கும் பகுதி பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும், சிக்கலான ஓட்டமெல்லாம் பெரும்பாலும் தனிக்கலைஞரின் பொறுப்பு.

லண்டனில் என் மகள் பஸூன் கற்கிறாள். வீட்டில் மாதக்கணக்கில் பயின்றும் பிடிபடாத காலப்பிரமாணம், ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த ஒரே மாலையில் வந்துவிட்டது. (நாதஸ்வரச் சீவாளி மாதிரி வாயில் வைத்து ஊதும் அந்த நாணல் உதட்டைப் படுத்தும் பாடு வேறு கதை.) அடுத்த முறை உங்கள் விமர்சகர் மாணவர்கள் வாசித்ததையும் காதுகொடுத்துக் கேட்டு நாலு வரி எழுதட்டும். குறை இருந்தால் அதையும் சேர்த்தே.

— ஒரு வாசகர், லண்டன்