வராமல் இருந்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்கு முகம் தெரியும். ஊருக்கு மேற்கே உள்ள கல் குவாரியில் வெடி வைக்கிறவன். சைரன் ஊதியதும் சிவப்புக் கொடியோடு பாதையை மறித்து, "எத்தனை நேரம்யா நிக்கிறது?" என்று பதினெட்டு வருடமாக உங்களிடம் திட்டு வாங்குகிற ஆள். போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஊருணிக்கரையில் வெடிமருந்து வண்டியின் டயர் தீப்பிடித்தபோது கைகொடுத்தவர்களுக்கு நேரில் வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். பாதிப் பேர் யார் என்றே தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கூரை எரிகிறது என்றால் குடத்தோடு ஓடி வருவதுதான் நம் பக்கத்து வழக்கம். வராதவனை ஊர் மறக்காது. அன்றைக்கு நான் போட்ட சத்தமோ "வராதீங்க, ஓடுங்க" என்பது. அதைக் கேட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடியவர்களுக்குத்தான் என் முதல் கும்பிடு.

நடந்தது பலருக்குப் பலவிதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குவாரியே வெடித்தது என்று காரைக்குடியில் பேசிக்கொண்டார்களாம். அப்படி இல்லை. வண்டியில் இருந்தது 18 பெட்டி, பெட்டிக்கு 25 கிலோ, மொத்தம் 450 கிலோ எமல்ஷன் தோட்டா, அதாவது பாறை உடைக்க நாங்கள் வைக்கிற வெடிமருந்து. அந்த மருந்தை வெடிக்க வைக்கிற கேப் (டெட்டனேட்டர்) ஒன்றுகூட அந்த வண்டியில் இல்லை. மருந்தையும் கேப்பையும் சேர்த்து ஏற்றுவதில்லை. எமல்ஷன், பழைய நைட்ரோகிளிசரின் மருந்து மாதிரி தட்டினால் கோபப்படுகிற ரகம் இல்லை. அந்தப் பழைய ரகத்தை 2004-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் மூடிய பெட்டிக்குள் வைத்து அடியில் தீ மூட்டினால் எந்த மருந்தையும் நம்பக் கூடாது. எப்போது எரியும், எப்போது வெடிக்கும் என்று யாரும் ஜோசியம் சொல்ல முடியாது.

பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம் காய்ந்து டயர் புகைய ஆரம்பித்தபோது வண்டி சரியாகப் பள்ளிக்கூட வாசலில். பின்னால் பைக்கில் வந்த நான், "நிறுத்து நிறுத்து" என்று ஹாரன் அடிக்கிறேன். டிரைவர் தம்பி கண்ணாடியில் புகையைப் பார்த்துவிட்டார், பார்த்தும் நிறுத்தவில்லை. முந்நூறு மீட்டர் தாண்டி, வீடுகள் முடிந்து, ஊருணிச் சாலைக்கு வந்த பிறகுதான் நிறுத்தினார். அந்த அரை நிமிடம் அவரை நான் மனதுக்குள் திட்டியதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். தம்பி, நீங்கள் செய்ததுதான் சரி.

வண்டியில் இரண்டு தீயணைப்பு சிலிண்டர் இருந்தது. முதலாவது வேலை செய்தது, தீ அமுங்கியது, ஒரு நிமிடத்தில் மறுபடி பற்றிக்கொண்டது. டயர் தீ அப்படித்தான், உள்ளே சூடு இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப எழும். இரண்டாவது சிலிண்டரை அழுத்தினால் உஸ்ஸென்று கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். அழுத்தம் காட்டுகிற முள் சிவப்பில் கிடந்திருக்கிறது. மருந்து அனுப்புகிற நிறுவனத்தின் மேல் பழியைப் போடலாம், தப்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை வண்டி வரும்போதும் சரிபார்ப்புத் தாளில் "சிலிண்டர் 2, சரி" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். எத்தனை மாதமாக முள்ளைப் பார்க்காமலே எண்ணிக்கையை மட்டும் பார்த்தேனோ.

ஊருணி காய்ந்து கிடந்தது. அதைத் தூர்வாரத்தான் நூறு நாள் வேலைக்காரர்கள் நாற்பது பேருக்கு மேல் உள்ளே இறங்கியிருந்தார்கள். புகையைப் பார்த்ததும் சட்டியில் மண்ணோடு நாலைந்து பேர் கரையேறி வர ஆரம்பித்தார்கள். உதவி செய்யும் நல்ல மனதுதான், ஆனால் எனக்குக் கால் நடுங்கிவிட்டது. "ஆத்தா, மருந்து வண்டி! போட்டுட்டு ஓடுங்க!" என்று கத்தினேன். பணித்தளப் பொறுப்பாளர் பெண் உடனே விசிலை ஊதி, மேற்குக் கரைக்கு அந்தப் பக்கம் எல்லாரையும் இறக்கி, அங்கேயும் நிற்கவிடாமல் கண்மாய் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். இரண்டு விஷயம் அவர் யோசித்துச் செய்தாரா, தன்னால் அமைந்ததா தெரியாது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. மருந்து எரிந்தால் வரும் மஞ்சள் செம்புப் புகை நுரையீரலைப் பிடிக்கும். காற்று வருகிற திசைக்குப் போனால் அது தொடாது. அப்புறம் அந்தக் கரை. மருந்துக் கிடங்கைச் சுற்றி நாங்கள் மண்மேடு எழுப்புவது எதற்காகவோ, அதே வேலையை ஊருணிக்கரை அவர்களுக்குச் செய்திருக்கும்.

ஓடும்போது மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுப் போனார்களே, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. நானும் டிரைவரும் ஆளுக்கொன்றை எடுத்து, சக்கரத்தின் மேல் மண்ணை வாரி இறைத்தோம். தண்ணீர் இல்லாத இடத்தில் டயர் தீக்கு மண் நல்ல மருந்து. எங்களுக்குள் ஒரு பேச்சு: சரக்கு இருக்கிற வண்டிக்கூண்டின் சுவரில் பெயிண்ட் கொப்பளம் கட்டினால் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடுவது. தீ சரக்கைத் தொட்டுவிட்டால் அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. அது வீரத்தில் சேராது. நல்லவேளை, கொப்பளம் கட்டவில்லை. ஜுவாலை அடங்கியதும், புகைந்துகொண்டிருந்த டயரை விட்டுவிட்டு நாங்களும் ஓடினோம். என் வயதுக்கு அவ்வளவு வேகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது பள்ளிக்கூடம். நம் ஊர்த் தெருக்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்கட்டோடு முடியும். அப்படி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது, சந்து என்று ஒன்று அகப்படாது. பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளை வடக்குத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் தெருக்கோடி வரை சுற்ற வேண்டும். கிழக்கே போனால் புகை துரத்தும், மேற்கே போனால் வண்டி.

எதிர்வீட்டு ஆச்சி கதவைத் திறந்தார்கள். தலைமையாசிரியை போய்க் கேட்கவே இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆச்சியே, "எல்லாத்தையும் உள்ள விடும்மா" என்றார்களாம். கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற கதவுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று ஒரே நேர்கோட்டில் 62 பிள்ளைகள் கைகோத்து நடந்து, வடக்குத் தெருவில் வெளியே வந்து, ஐயனார் கோயிலைத் தாண்டிப் போய்விட்டார்கள். பிறகு ஆச்சியிடம், "நீங்கள் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். "சாவி யாருகிட்ட குடுக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஆச்சி, உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அடுத்த தடவை சாவியைக் கிணற்றில் போட்டாவது வெளியே வந்துவிடுங்கள். அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றனவே, வெடிச் சத்தத்தோடு வரும் காற்று முதலில் உடைப்பது அவற்றைத்தான். வேடிக்கை பார்க்க ஜன்னலில் முகம் வைத்தவர்களுக்குத்தான் முதல் காயம்.

டீக்கடை அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 101-க்கு அழைத்து, "லாரியில தீ" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர்கள் நேரே வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். இவர் முதல் வார்த்தையே "வெடிமருந்து வண்டி" என்றார். அப்புறம் இடம், அப்புறம் டயரில் மட்டும்தான் தீ, ஓட்டுநர் வெளியே இருக்கிறார் என்பது. எங்கே கற்றீர்கள் அண்ணே? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் தீ என்று கூப்பிட்டபோது, உள்ளே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதைச் சொல்லாமலே தீயணைப்புக் குழுவை அனுப்பினார்கள். போன பத்துப் பேரும் திரும்பவில்லை. நம் மணலியில் வருடக்கணக்காகக் கிடந்த 700 டன் நைட்ரேட்டைப் பற்றி ஊரே பேசியதும் அந்த வாரம்தான். அதை அப்போது படித்துவிட்டு மறந்திருந்தேன். அன்றைக்கு டீக்கடை அண்ணன் பேசியதைக் கேட்டபோது நினைவுக்கு வந்தது.

தீயணைப்பு அதிகாரி தூரத்திலேயே வண்டியை நிறுத்தி என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். என்ன மருந்து, எவ்வளவு, தீ சரக்கைத் தொட்டதா? என்ன சரக்கு, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று எழுதிய அவசர அட்டையை டிரைவர் ஓடும்போது எடுத்து வந்திருந்தார், அதைக் கொடுத்தோம். படித்துப் பார்த்த பிறகே கரைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் அடித்தார்கள். தீ அணைந்ததாக எங்களுக்குத் தோன்றிய பிறகும் விடாமல், டிரம்மிலிருந்து ஆவி நிற்கிற வரைக்கும் அடித்தார்கள். சாயங்காலம் வரை யாரையும் ஊருக்குள் விடவில்லை. "அணைஞ்சிடுச்சே, சமைக்க வேணாமா?" என்று அவர்களிடம் சண்டைக்குப் போனவர்களின் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதில் என் வீட்டுக்காரியும் உண்டு.

டவுன் பஸ்ஸை முக்குரோட்டிலேயே திருப்பி, பயணிகளை வந்த வழியே கொண்டுபோன ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நன்றி. செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்த பையன்களை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன கபடிக் குழுத் தம்பிகளுக்கும். எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அவர்கள் அப்புறம் கேட்டார்கள். குவாரியில் வெடி போடும்போது நாங்கள் வைப்பது 500 மீட்டர் வட்டம். மருந்து ஏற்றிய வண்டியின் சரக்கே எரிந்தால் வெளிநாட்டு அவசரக் கையேட்டில் சொல்வது 1,600 மீட்டர். நம் ஊர் முழுக்க அதற்குள் வந்துவிடும். அதனால் கணக்குப் போடாமல் ஓடுங்கள் என்றேன்.

மருந்துப் பெட்டிகளை மறுநாள் உரிமம் உள்ள ஆட்கள் வந்து பார்த்து, வேறு வண்டியில் ஏற்றித் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். காவல் நிலையத்துக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்தாகிவிட்டது. இப்போது வண்டி வந்தால் முதலில் முள்ளைப் பார்க்கிறேன், பிறகு புறங்கையை டிரம் பக்கத்தில் வைத்துச் சூடு பார்க்கிறேன், அப்புறம்தான் பேனா. பள்ளிக்கூட வழியை விட்டு, கண்மாய்க்கரைப் பாதையில் வண்டி சுற்றி வர ஏற்பாடு ஆகியிருக்கிறது. நாலு கிலோமீட்டர் கூடுதல்.

கடைசியாக ஒன்று. எட்டு மண்வெட்டியும் பதினோரு சட்டியும் குவாரி ஆபீசில் இருக்கின்றன. இரண்டு மண்வெட்டிக்குக் காம்பு கருகிவிட்டதால் புதுக் காம்பு போட்டிருக்கிறேன். ஆறு மண்வெட்டிக்கு ஆள் தெரிந்துவிட்டது. மாற்றிய காம்புகளில் ஒன்றின் நுனியில் நீலப் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் ஆணியால் ஒரு வேல் கீறியிருந்தது. பழைய காம்பை எறியாமல் வைத்திருக்கிறேன். யாருடையது என்று சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.