அரங்கில் பார்க்கும் ஒத்திகையை வெட்டாதீர்கள்

சுற்றுப்பயணம் செல்லும் சிம்பொனி இசைக்குழுக்களின் நிர்வாகிகளுக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

கச்சேரி அரங்குகளில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். உங்கள் லாரிகள் வந்து பெட்டிகள் இறங்குவதற்கு முன்பே மேடையில் வேலையைத் தொடங்கிவிடுகிறவன் நான். அங்கிருந்து பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சிறப்பு விருந்தினராகப் பியானோ கலைஞரை அழைத்து வரும் பயணங்களில், கச்சேரி நாளன்று அவரும் இசை நடத்துநரும் குழுவும் அந்த அரங்கில் சேர்ந்து ஒத்திகை பார்க்கும் நேரத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள்.

விமானம் தாமதமானாலும், ஓட்டல் அறை கிடைக்கப் பிந்தினாலும், முதலில் வெட்டு விழுவது அந்த ஒத்திகைக்குத்தான். அரை மணி நேரம் கொடுப்பார்கள். அதிலும் பாதி, நாற்காலிகளை நகர்த்துவதிலேயே போய்விடும். "போன ஊரில் வாசித்த அதே கான்செர்ட்டோதானே" என்ற சமாதானத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கான்செர்ட்டோ, அதாவது தனிக் கலைஞரும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, அதேதான். ஆனால் பியானோ வேறு, மேடை வேறு, அரங்கு வேறு.

வயலின்காரர் தன் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார். பியானோ கலைஞருக்கோ ஒவ்வொரு ஊரிலும் முன்பின் பழகாத ஒரு கருவி காத்திருக்கிறது. புகழ்பெற்ற பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் தன் சொந்தப் பியானோவைப் பயணங்களுக்கு எடுத்துச் சென்றார். இன்னொரு பியானோ கலைஞரான கிறிஸ்டியன் சிமர்மனும் அப்படிச் செய்தவர். எல்லோராலும் அது முடியாது. கச்சேரிப் பியானோ என்றால் ஏறக்குறைய 9 அடி நீளம், அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை! ஒரே நிறுவனம் செய்த இரண்டு பியானோக்களில்கூடக் கட்டைகளின் பளுவும் சுத்தியல்களில் உள்ள கம்பளத்தின் இறுக்கமும் வேறாக இருக்கும். பேத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். குழு முழுவதும் அமைதியாக இருக்க, பியானோ மட்டும் தனியே, மென்மையாகத் தொடங்குகிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எவ்வளவு மெல்ல அழுத்தினால் இந்தக் கருவி பேசும், அதற்கும் கீழே போனால் எங்கே ஊமையாகிவிடும் என்பது கலைஞரின் விரலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சபை நிறைந்த பிறகா அதைச் சோதித்துப் பார்ப்பது?

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். எல்லோரும் ஒத்துப்போகும் அடிப்படைச் சுரத்தை, வினாடிக்கு இத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்) என்று ஒவ்வொரு குழுவும் வைத்துக்கொள்கிறது. சில குழுக்கள் 440 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கின்றன, சில 442இல், சில 443இல். காதுக்குச் சிறிய வித்தியாசம். பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்த்துச் சுமார் 20 டன் இழுவிசை. அத்தனையையும் ஒரே காலையில் 440இலிருந்து 443க்கு ஏற்றினால், அவை உடனே நிலைக்காது; வாசிக்க வாசிக்கக் கீழே இறங்கும். மேடை விளக்குகளின் சூடு அதை இன்னும் கலைக்கும். கான்செர்ட்டோவுக்கு முன்னால் குழுவினர் பியானோவின் சுருதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மற்ற நேரத்தில் எல்லோருக்கும் சுருதி கொடுக்கும் ஓபோ என்ற குழல் கருவியும் அப்போது பியானோவைத்தான் பின்பற்றியாக வேண்டும். சுருதி எவ்வளவு என்பதைச் சில வாரங்களுக்கு முன்பே சொன்னால், படிப்படியாக ஏற்றி நிலைக்க வைத்துவிடலாம். ஒரு முறை கச்சேரி நாள் மதியம்தான் எங்களுக்குச் சொன்னார்கள். இரவு கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதிக்குள்ளேயே மேல் சுரங்கள் கலைந்துவிட்டன, அந்தக் கலைஞரின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம் மேடை. பியானோவின் மூடியைத் திறந்து நிறுத்தினால் பார்வை மறைகிறது. இசை நடத்துநர் பின்னுக்குத் தள்ளி நிற்கிறார், வயலின்கள் ஒதுங்கி உட்காருகின்றன. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் சுரம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான தாமதத்தோடு வந்து சேர்கிறது. ராக்மனினோஃபின் இரண்டாவது கான்செர்ட்டோவில் மெதுவான இரண்டாம் பகுதியில், முதலில் புல்லாங்குழலும் பிறகு கிளாரினெட் என்ற குழல் கருவியும் பாட, பியானோ அவற்றுக்குத் துணை போகிறது. பின்வரிசையில் இருக்கும் அந்தக் கிளாரினெட் இந்த மேடையில் எப்படிக் கேட்கும் என்று தெரியாமல் துணை போக முடியாது. அரங்கின் எதிரொலியும் மாறுகிறது. வியன்னாவின் மியூசிக்ஃபெராய்ன் அரங்கில் கூட்டம் நிறைந்திருக்கும்போதும் ஒலி அடங்க ஏறக்குறைய 2 வினாடி ஆகும். எதிரொலி குறைந்த வறண்ட அரங்கில் பழகிய வேகத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் துரித சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். வேகத்தை எவ்வளவு தளர்த்துவது என்பதை நடத்துநரும் பியானோ கலைஞரும் அங்கேயே வாசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இருவருமே அந்தக் குழுவுக்கு விருந்தினர்கள் என்றால் இது இரட்டிப்பு அவசியம்.

ஒத்திகை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி பழையது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பேத்தோவன் சுமார் நான்கு மணி நேரக் கச்சேரி ஒன்றை நடத்தினார். நான்காவது கான்செர்ட்டோவைச் சபையில் அவரே வாசித்தார். ஒத்திகை போதவில்லை. கடைசியில் வந்த, பியானோவும் குழுவும் பாடகர்களும் சேரும் 'கோரல் ஃபேன்டசி' என்ற படைப்பு நடுவிலேயே குலைந்து, நிறுத்தி மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. இதற்கு நேரெதிரான உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 1910 ஜனவரியில் நியூயார்க்கில் ராக்மனினோஃப் தன் மூன்றாவது கான்செர்ட்டோவை வாசித்தபோது நடத்தியவர் குஸ்டாவ் மாலர். குறித்த நேரத்தைத் தாண்டியும் மாலர் ஒத்திகையைத் தொடர்ந்தார் என்றும், களைத்திருந்தும் துணை இசையைக் குறையில்லாமல் வரும்வரை பழக்கினார் என்றும் ராக்மனினோஃப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அந்த அக்கறைதான் எனக்கு முன்மாதிரி.

அரங்க வாடகையும் கலைஞர்களின் வேலைநேர விதிகளும் உங்களுக்கு எவ்வளவு பெரிய நெருக்கடி என்பது தெரியும். ஒரு நாள் கூடினால் நூறு பேருக்கு ஓட்டல் செலவு. சரி, அப்படியானால் ஒரு ஊரைக் குறையுங்கள். கான்செர்ட்டோ இருக்கும் நாளன்று காலையில் பயணம் வைக்காதீர்கள். அதுவும் முடியாவிட்டால் ஒத்திகையில், குழு மட்டும் வாசிக்கும் சிம்பொனிக்கான நேரத்தைக் குறைத்துக் கான்செர்ட்டோவுக்குக் கொடுங்கள். சிம்பொனியில் எல்லோரும் தங்கள் சொந்தக் கருவியோடு இருக்கிறார்கள்.

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தங்களை எழுதும்போது இரண்டு வரிகள் சேருங்கள்: குழுவின் சுருதி எவ்வளவு என்பதை ஆறு வாரங்களுக்கு முன்பே அரங்குக்குத் தெரிவிப்பது, கச்சேரி நாளில் பியானோ கலைஞருக்குத் தனியாக ஒரு மணி நேரமும், பிறகு குழுவோடு கான்செர்ட்டோவுக்கு மட்டும் ஒரு மணி நேரமும் ஒதுக்குவது. விமானம் பிந்தினாலும் இந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பியானோவைத் தயாராக வைத்துக் காத்திருக்க நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒருவன்