பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறைகளில் இடநெருக்கடி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். அவர்களில் பலர் அப்பாக்கள், அம்மாக்கள் என்பது மட்டும் எங்கும் வரவில்லை. நான் பல ஆண்டுகள் வகுப்பாசிரியையாக இருந்தவள். படித்து முடித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

பெற்றோரில் ஒருவர் சிறைக்குப் போனதும் பல வீடுகளில் முதலில் நடப்பது, பிள்ளையிடம் ஒரு பொய் சொல்வது. ‘அப்பா வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறார்’, ‘அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்’. பிள்ளை தாங்காது என்ற பாசத்தில் சொல்வதுதான், அதற்காக அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பொய் ரொம்ப நாள் நிற்பதில்லை. என் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா வெளிநாட்டில் இருப்பதாக அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வரும்போது சைக்கிள் வாங்கி வருவார் என்று அவனும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் இடைவேளையில் இன்னொரு பையன், ‘உங்கப்பா ஜெயில்ல இருக்கார், எங்க வீட்ல பேசிக்கிட்டாங்க’ என்று போட்டு உடைத்துவிட்டான். இவன் சண்டைக்குப் போகவில்லை, அழவும் இல்லை. அதற்கப்புறம் யார் எதைச் சொன்னாலும் ‘நிஜமாவா?’ என்று கேட்க ஆரம்பித்தான். நாளைக்குப் பரீட்சை இல்லை என்றாலும் நிஜமாவா, அம்மா வாசலில் நிற்கிறாள் என்றாலும் நிஜமாவா. அப்பா உள்ளே போனதைவிட, ஊருக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் போனதுதான் அவனை அதிகம் ஒடித்தது.

உண்மையைச் சொல்லுங்கள் என்றால் வழக்கு விவரம் முழுவதையும் சொல்லுங்கள் என்று அர்த்தமில்லை. சின்னப் பிள்ளைக்கு, ‘அப்பா ஒரு தப்பு செய்துவிட்டார், அதனால் சிறை என்ற இடத்தில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும்’ என்பது போதும். விசாரணை முடியவில்லை என்றால், ‘தப்பு செய்தாரா என்று விசாரிக்கிறார்கள்’ என்று சொல்லலாம். வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிள்ளையின் மனதில் சில கேள்விகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் சேட்டை செய்ததால்தான் பிடித்துப் போனார்களா? அங்கே அவருக்குச் சாப்பாடு கொடுப்பார்களா? அம்மாவையும் கூட்டிப்போய்விட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பாட்டி, சித்தி என்று ஆளைச் சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. பிரிந்திருக்கும் பெற்றோருடன் தொடர்ந்து உறவு வைத்துக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அவரைச் சிறை வைத்தது அரசு என்றால், கேட்கும்போது அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டியதும் அரசின் பொறுப்பு. பிள்ளையின் நலனுக்குக் கேடு என்றால் மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு முக்கியமானது. அடித்துத் துன்புறுத்திய தகப்பனைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

பார்க்க விரும்பும் பிள்ளையைக் கூட்டிப்போகும்போது, அங்கே என்ன நடக்கும் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சீருடைக்காரர்கள் இருப்பார்கள், உன்னையும் தடவிச் சோதிப்பார்கள், பின்னால் கதவைப் பூட்டுவார்கள், நேரம் முடிந்ததும் நாம் மட்டும் கிளம்ப வேண்டும், அப்பா நம்மோடு வர மாட்டார். இது தெரியாமல் போகிற பிள்ளை திரும்பும்போதுதான் உடைந்துபோகிறது. பெண் கைதிகளுக்காக ஐ.நா. 2010இல் ஏற்ற பாங்காக் விதிகள், பார்க்க வரும் குழந்தைகளைச் சோதிக்கும்போது கண்ணியமும் பக்குவமும் வேண்டும், தாயும் பிள்ளையும் தடுப்பு இல்லாமல் நெருங்கியிருக்க விட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. தகப்பனைப் பார்க்க வரும் பிள்ளைக்கு மட்டும் ஏன் கம்பி வலை? இதனால் சமூகத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, விடுதலையான 16,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. உள்ளே இருந்தபோது பார்க்க ஆள் வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்து தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அவசியமானது. மனு பார்க்கும் நாள், அதாவது சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்க்கும் நாள், பள்ளி நாளில் வந்தால் விடுப்பு கொடுங்கள், வகுப்பில் எல்லோர் முன்னாலும் காரணம் கேட்காதீர்கள். தெரிந்த விஷயம் தலைமையாசிரியர், வகுப்பாசிரியரோடு நிற்கட்டும். ஆசிரியர் அறையில் ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பென்சில் காணாமல் போனாலும் முதல் சந்தேகம் அந்தப் பிள்ளை மேல்தான் விழுகிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றங்களும் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்க முடியும். மூன்று மகன்களைத் தனியாக வளர்த்துவந்த ஒரு தாயின் மோசடி வழக்கில், தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 2007இல், பிள்ளைகளின் நலனைத் தனியாக எடைபோட்ட பிறகே தண்டனை தர வேண்டும் என்று சொல்லி, அவர் சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கும்படி மாற்றியது. குற்றத்தைக் குற்றமில்லை என்று சொல்லவில்லை. பிள்ளைகள் நிராதரவாகாதபடி தண்டனையை அமைத்தது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. கைதுச் செய்தியில் வீட்டு வாசல் படமும் தெருப் பெயரும் பிள்ளைகளின் விவரமும் வருகின்றன. முகத்தை மறைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் யாரென்று தெரிந்துவிடும். இவை எதுவும் இல்லாமலே செய்தி முழுமையாக இருக்கும். அப்புறம், அந்த நபர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தால், அதைக் கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். இதை உங்கள் இதழின் விதியாகவே வைத்து வாசகர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை
(மாணவர்களின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம்)